பாட்டுக்குள் விழுந்தவன்

பக்கத்து வளவில் தோட்டத்துக்கு இறைக்கும் மெஷினை இன்று காலை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகை வந்ததும் மானிப்பாயில் உங்கள் வீட்டு விறாந்தையில் நிற்பதுபோல இருந்தது.

மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில், ஞாயிறு பின்னேரங்களில் நீ வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுப்பாய். கிடைப்பது எப்போதும் அந்த ஒரே நகைச்சுவைப் படம்தான். பார்த்துப் பார்த்துச் சிரிப்பு வற்றியபின் நாம் பிழை பிடிக்கத் தொடங்கினோம். பாதி குடித்த தேநீர் அடுத்த காட்சியில் நிறைந்திருக்கும். நாயகனின் மணிக்கூடு இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறும். எல்லாவற்றிலும் பெரியது என் கண்டுபிடிப்பு: காயமொன்றும் இல்லாமல் பெண் பார்க்கப் புறப்பட்ட நாயகன், பெண் வீட்டில் நெற்றியில் பிளாஸ்ரரோடு உட்கார்ந்திருப்பான்.

"வழியிலை கடவுள் ஒட்டிவிட்டவரோ?" என்று கத்துவேன்.

"டிரெக்டர் எங்களை விசரர் எண்டு நினைச்சிட்டான், மச்சான்" என்பாய்.

"படம் பாக்க வந்தனியளோ, சோதினைப் பேப்பர் திருத்த வந்தனியளோ?" என்று உன் அம்மா ஏசுவார்.

பாட்டு வந்தால் மட்டும் படத்தை நிறுத்தி, பாட்டு முடியும் இடம்வரை நாடாவை வேகமாக ஓட்டிவிடுவாய். மண்ணெண்ணெய் முடிவதற்குள் படம் முடிய வேண்டுமே.

பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் கனடா போனாய். கடிதம் இல்லை. என்னைப் பெற்ற ஐயா இறந்தபோதும் இல்லை. பல வருடம் கழித்து ஒருநாள் ரெலிபோனில் உன் குரல்.

"மச்சான், நாங்கள்தான் பிழை விட்டிருக்கிறம்! அவன் பாட்டுக்குள்ளை சைக்கிளாலை விழுறானடா. முழுப்படமும் இப்பதான் பாத்தனான்."

"ஐயா செத்ததுக்கு எடுக்கேல்லை. உதுக்கோ எடுத்தனி?"

"பொறு மச்சான், இன்னும் ஒண்டிருக்கு..."

நான் போனை வைத்துவிட்டேன். நீ மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இந்த மாசியில் நீ இறந்துவிட்டதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன்.

இன்று அந்தப் படத்தைக் கைப்பேசியில் தேடி, பாட்டுகளோடு பார்த்தேன். நீ சொன்னது சரி. மூன்றாவது பாட்டில் சைக்கிளோடு வாழைகளுக்குள் விழுகிறான். இத்தனை காலம் நான் பெருமைப்பட்ட பிழை, பிழையே இல்லை. நிறுத்தி இன்னொருமுறை பார்த்தேன். இரத்தம் வடிவது வலப்பக்கம். பிளாஸ்ரர் இடப்பக்கம்!

"என்னப்பா, தனிய இருந்து சிரிக்கிறியள்?" என்று மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நீ எழுதாமல் இருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இனி மன்னிப்பேன் என்றும் நம்பவில்லை. ஆனால் அன்று நீ சொல்ல வந்த அந்த இன்னொன்று, இந்தப் பிளாஸ்ரரைப் பற்றியதா, என் ஐயாவைப் பற்றியதா? கேளாமல் வைத்தவன் நான்.