கொயினா வரிசையில் ஒரு கேள்வி

கிள்ளான்,
அக்டோபர் 1926

சிரஞ்சீவி தம்புசாமிக்கு உன் அப்பா எழுதிக்கொண்டது. இங்கே மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதாவது அம்மா நடக்கிறாள், நான் ஆடுகிறேன், முழங்கால் அப்படி. சிங்கப்பூரிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. நலம் என்று ஒரு வார்த்தை, கீழே கையெழுத்து, போன தடவையும் அதேதான். நான் வாசித்து முடித்த வேகத்தைப் பார்த்து அம்மா, மீதியையும் படிங்க, எதுக்கு மறைக்கிறீங்க என்று சண்டைக்கு வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், இல்லாததை வாசிக்கும் படிப்பு எனக்கு ஏது.

ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் காலம். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொயினா மருந்து ஊற்றுவதும் இப்போது ஆட்களை மேய்க்கும் மண்டோராகிய என் தலையில். கசப்புக்குப் பயந்து கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்புகிறார்கள். அதனால் ஊற்றியதும் நேற்று என்ன குழம்பு என்று கேட்பேன், விழுங்காதவன் பேச முடியாது பார். பால்வெட்டுப் பக்கிரிசாமி மட்டும், உங்க வூட்டுக் கொழம்பு இல்ல மண்டோரே, அதனால நல்லாவே இருந்துச்சு என்பான், வரிசையே சிரிக்கும்.

போன மாதம் அவன் பெண்சாதி வீரம்மா காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவன், என்ன கேட்டாலும் நல்லாருக்கேன் என்ற ஒரே சொல். மருந்து உள்ளே போயிற்று, ஆள் வெளியே வரவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கையைப் பிடித்துப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்றார், அப்போது இது சோம்பல்தான், கூலிப் பட்டியலிலிருந்து பேரை வெட்டு என்றார் துரை. தொப்பியைக் கண்டாலே சலாம் போடும் கை என்னுடையது, ஆனாலும் சொல்லிவிட்டேன், தொரே, மரத்துக்கு மரம் தனியா நிக்கிற வேல இவனுக்கு இப்ப ஆகாது, பால் ஸ்டோர்ல நாலு பேரோட போடுங்க, அங்கயும் சரியா செய்யலன்னா என் பேரையும் சேத்து வெட்டுங்க என்று. துரை தலையாட்டினார். அம்மா இன்னும் என்னை ஏசிக்கொண்டிருக்கிறாள். இன்று காலை பக்கிரிசாமி கொயினாவை விழுங்கி முகத்தைச் சுளித்து, கொழம்பு இல்ல மண்டோரே, கருவாடு சுட்டேன், கருகிப்போச்சு என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லைத் தாண்டிப் பேசிவிட்டான், எனக்கு அது போதும்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்காரர்கள் குடியிருக்கும் லயத்துச் சின்னையா மாமா போன வாரம் சிங்கப்பூரில் உன்னைப் பார்த்துவிட்டு வந்தார். விளக்கு வைத்த பிறகும் ஆபீசில் தனியாகக் கணக்கு எழுதுகிறாயாம், பாதி உடம்பாகிவிட்டாயாம். தம்பி, பெரட்டில் நின்று பழகிய காது எனக்கு, நலம் என்ற ஒற்றைச் சொல் அதில் வேறு மாதிரி விழுகிறது. உன் ஆபீஸ் தலைமைக் கணக்கர் பெரிய கிராணியிடம் நாலு நாள் லீவு கேட்டு ரயிலேறி வா. கேட்கக் கூச்சமாக இருந்தால் அப்பனுக்குக் கால் போய்விட்டது என்று சொல், பெரிய பொய் ஒன்றும் இல்லை.

ஆத்தா உன்னைக் கண்போலக் காக்கட்டும். அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள், பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள். வர முடியாவிட்டால் இதற்காவது பதில் எழுது. நேற்று என்ன குழம்பு, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?

இப்படிக்கு,
மருந்துக் கிண்ணத்தோடு உன் முன்னால் நிற்கும் அப்பா,
கன்னையா