அடிவால்வில் சிக்கிய வேட்டித் துண்டு

தென்காசி,
ஆடி மாதம், 1963

சிரஞ்சீவி பால்வண்ணநாதனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. காசிவிசுவநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. பிலாயில் வெயில் தணிந்ததா? இங்கே சாரல் விடாமல் அடிக்கிறது, துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. உன் பெண்டாட்டியை அனுப்பி வைக்கச் சொல்லி நீ கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய், உன் அப்பாவோ வடிவாம்பா சின்னப்பிள்ளைல்லா, பாஷை தெரியாத ஊர்ல ஒண்ணு கெட்டா தனியா சமாளிப்பாளா, பொறவு பாக்கலாம் என்றே தட்டிக்கழித்தார். அந்தப் பிள்ளை வாய் திறந்து எதுவும் கேட்காது, தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளும். பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

நம் நிலவறையில் சாரலுக்கு ஊற்று கிளம்பும் அல்லவா, அந்தத் தண்ணீரை வெளியே தள்ள அப்பா மூலையில் குழி வெட்டி மோட்டார் பம்பு வைத்தாரே, அது போன வெள்ளிக்கிழமை ஓடுகிறது ஓடுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. வற்றல் மூட்டை அடுக்கிய பலகையைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மோட்டாருக்குள்ள கம்பிக் காயில் எரிஞ்சுபோச்சு, திருநெல்வேலிக்குத்தான் அனுப்பணும் என்று அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வடிவாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சத்தம் நல்லாத்தான் வருது மாமா, கருகின வாடையும் இல்ல, மோட்டார் எரியல என்றாள். கரண்டை நிறுத்திப் பீஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். பம்பின் தலையில் இருக்கும் திருகைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினாள், ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருக்கிறது, நிறையவில்லை. ஊத்துன தண்ணி நிக்கலன்னா குழாய் நுனில இருக்க அடிவால்வு மூடலன்னு அர்த்தம் அத்தை என்றாள். செங்கோட்டையில் அவள் அப்பாவின் வாழைத்தோட்டத்துப் பம்போடு வளர்ந்த பிள்ளை அல்லவா! குழாயைத் தூக்கிப் பார்த்தால், அட கண்றாவியே, வால்வு மூடிக்குள் உன் அப்பாவின் பழைய வேட்டித் துண்டு! பாலோ எண்ணெயோ துணி கட்டி வடிகட்டாமல் அவருக்கு ஆகாதே, சேறு ஏறாமல் இருக்க இதற்கும் யாரிடமும் சொல்லாமல் கட்டியிருக்கிறார். அது கிழிந்து உள்ளே போய் மூடியை மூடவிடாமல் பிடித்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். துணியை உருவி, வால்வைக் கழுவி, மரையில் நூல் சுற்றி இறுக்கி மறுபடி ஊற்றினாள், தண்ணீர் தளும்பி நின்றது. ஸ்விட்சைப் போட்டதும் தெருச் சாக்கடையில் குபுகுபுவென்று கொட்டியது. தங்கமான பிள்ளையடா, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் இலையில் உட்கார்ந்ததும் புதுக்கதை, ஏட்டி, இவள அனுப்பிட்டா இங்கன மோட்டார யாரு பாப்பா என்கிறார். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு வந்ததே கோபம்! நேற்று மறுபடி தண்ணீர் ஏறவில்லை. நீ அடுப்படியை விட்டு வரக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு நானே பீஸைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, குழாயைத் தூக்கி, வால்வில் சிக்கிய தேங்காய் நாரை எடுத்து ஓட்டிக் காட்டினேன். அப்பா நின்று பார்த்தார். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டோடு வந்தார்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் அவள் அண்ணன் சிவசுப்பிரமணியன் கூட்டி வருகிறான். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், அவளை ஒரு சொல் கடிந்து பேசாதே. குளிக்கும் அறைக் குழாய் ஒழுகுகிறது, துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். அவள் வரும்வரை அதில் கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
இராமலட்சுமி