மொட்டை வீட்டுப் பேத்திக்கு

நேற்று நான் ஏறிய ஆட்டோ, டெல்லி சரோஜினி நகரில் நாம் குடியிருந்த பிளாக் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் தூசியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. ஆட்டோக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்கு உன் நினைப்புதான் வரும்.

அடுத்தடுத்த வீடு, ஒரே அலுவலகம், ஒரே பஸ் என்று வாழ்ந்தோம். உன் தாத்தாவைப் பற்றிக் கேட்ட அளவுக்கு என் சொந்தத் தாத்தாவைப் பற்றிக்கூட நான் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் காவிரிக் கரை ஊரொன்றில் பெரிய மிராசுதார். நகராட்சி சேர்மனும் அவரே. உன் அண்ணன்கள் வந்தால் சரிகைத் தலைப்பாகை, கலெக்டரோடு எடுத்த போட்டோ, அத்தனை வேலி நிலம் என்று அடுக்குவார்கள். உனக்கு அதெல்லாம் பிடிக்காது. குத்தகைக்காரர்களை வெயிலில் நிற்க வைத்து நெல் அளந்து வாங்கியவர்தான், அதையும் மறைக்கக் கூடாது என்பாய். நீ பெருமையாகச் சொன்னது ஒன்றைத்தான்.

கடைத்தெருவில் தீப்பிடித்தபோது தண்ணீர் வண்டி நுழைய முடியவில்லையாம். தெருவை அகலப்படுத்த வேண்டும் என்றார் சேர்மன். முதலில் உங்கள் வீட்டில் கை வையுங்கள் பார்க்கலாம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அதே தெருவிலிருந்த அவர் வீட்டு முகப்பில் கொத்தனார்கள் நின்றார்கள். தேக்குத் தூண்களும் மேல்மாடமும் போய், வெறும் சுவர் தெருவைப் பார்த்து நின்றது. அதன் பிறகு கடைக்காரர்களும் தங்கள் முகப்புகளை இடித்து வழிவிட்டார்கள். ஊர் அதற்கு மொட்டை வீடு என்று பெயர் வைத்தது. உன் அண்ணன்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். நீயோ பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட, நாங்க மொட்டை வீடு என்பாய்.

நான் உன்னைச் சும்மா விட்டதில்லை. "ஏட்டி, தாத்தா இடிச்சாரு சரி. நீ என்னத்த இடிச்ச?" என்று கேட்பேன். நீ சிரித்துக்கொண்டே டிபன் டப்பாவை மூடுவாய்.

அந்த மொட்டை வீட்டை உன் அண்ணன்கள் விற்றார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவை மட்டும் உன்னிடம் ரயிலேற்றி அனுப்பினார்கள். உன் பெயரில் கிடைத்த இரண்டு அறை குவார்ட்டர்ஸில் இடம் ஏது? எல்லோரையும் போல நீயும் வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் இடம் மறித்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஓர் அறை கட்டினாய். சேர்மன் மகன் அதில் வந்து படுத்தார். குறை என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு, கடைசி வரிசை வீடுகளுக்குள் கழிவுநீர் ஏறியது. கைக்குழந்தையோடு இருந்தவர்கள் கட்டில்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். சாக்கடைக் குழாய் நாம் சந்தில் கட்டிய அறைகளுக்கு அடியில் ஓடியது. இடிக்காமல் தோண்ட முடியாது என்று வந்து பார்த்தவர்கள் கைவிரித்தார்கள். நீதான் காலனிச் சங்கச் செயலாளர். நீ கூட்டிய கூட்டத்தில், அவர் இடிக்கட்டும், பிறகு நான் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நானும்தான். கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். அப்பாவை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் உன் மனதில் ஓடியது என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் உன்னைக் கிண்டல் செய்த நானே, இவள் பின்வாங்கினாலும் யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

அப்பாவிடம் நீ தயங்கித் தயங்கிச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே, "எங்கப்பா இடிச்சப்போ நான் சின்னப் பையன், கத்தி அழுதேன். அப்பறம் அந்த ரோட்டுலதான் நடந்து பள்ளிக்கூடம் போனேன். நீ ஆளைக் கூப்பிடும்மா" என்றார்.

காலையில் மிஸ்திரி சம்மட்டியோடு வந்தான். அவனுக்கே நம்பிக்கை இல்லை. "மேடம், பக்கா?" என்றான். "பக்கா" என்றாய். கூரைத் தகட்டின் மறுமுனையை நீயே பிடித்து இறக்கினாய். நம் வரிசை முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. அன்று மாலையே என் அறையையும் இடிக்கச் சொன்னேன். அதில் இருந்தவை ஊறுகாய் ஜாடிகளும் டிரங்குப் பெட்டியும்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வாரமே மற்ற அறைகளும் போயின, தண்ணீரும் வடிந்தது. உன் அப்பாவின் கட்டில் ஹாலுக்கு வந்தது. அவர் காலமாகும்வரை உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள். அதன் பிறகு உன்னை நான் அந்தக் கேள்வி கேட்கவில்லை. இவள் என் சிநேகிதி என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ கண்ணை மூடிய பிறகு இதை முழுதாகச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். உன் மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் அரைகுறை. நேற்று அதே தூசியோடு துவாரகாவில் அவன் வீட்டுக்குத்தான் போனேன். உன் பேத்தி என் தலைமுடியைத் தட்டிவிட்டு, எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டாள். உட்கார வைத்து சேர்மன் கதையை ஆரம்பித்தேன். அவள் தமிழ் பாதி, என் இந்தி பாதி. தூண்கள் விழுந்த இடம் வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"அச்சா, ஃபர்ஸ்ட் தன் வீட்டையே தோட் தியா, இடிச்சுட்டாரா? அவர் பேர் என்ன?"

உன் தாத்தா பெயர் எனக்குத் தெரியாதா? பட்டத்தோடு சொல்வேன். ஆனால் வாயைத் திறந்தால் உன் பெயர் வந்தது.

"அது எங்க பாட்டி பேரு" என்றாள் குழந்தை.

"ஆமாட்டி," என்றேன், "அவதான்."