சமையல் மேடைக்கு அடியில் ஒரு டேங்க்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் எடுக்கும் அளவுக்குக் குளிர். தேவி பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்குப் போக இடமில்லை.

விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சஸ்பென்ஷன் இல்லை என்று எச்.ஆர். மேனேஜர் இரண்டு முறை சொன்னார். "ரெஸ்ட் எடுங்க சார். வெறும் ஃபார்மாலிட்டிதான்."

எழுதி வைக்கிறேன். போன வியாழக்கிழமை, முதல் ஷிப்ட், என் லைன், மூன்றாம் நம்பர் பிரஸ். பிரஸ் ஆபரேட்டர் முனிராஜின் வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஷிப்ட் சூப்பர்வைசர் நான்.

எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. மதியம் சாம்பார் சாதம். பாத்திரம் கழுவினேன்.

தேவி கிளம்பும்போது சொன்னது: "சும்மாதானே இருக்கீங்க, அந்த மெஷினையாவது ஒரு வழி பண்ணுங்க." அவள் தம்பி ஜெர்மனி போனபோது பெங்களூர் வீட்டைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து போட்ட எஸ்பிரஸ்ஸோ மெஷின். ஃபில்டர் காபி வீட்டில் இது எதற்கு என்று பரணில் ஏற்றியது நான்தான். இன்று இறக்கினேன். நல்ல கனம். இடுப்பில் பிடிப்பு.

ஜூன் 10, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

மெஷினுக்குச் சொந்தமாகத் தொட்டி கிடையாது. பின்னால் ஒரு குழாய் முனை மட்டும். மச்சான் வீட்டில் நேராக ஃபில்டர் லைனில் மாட்டியிருந்தான். இங்கே அப்படி முடியாது. போர் தண்ணீரில் உப்பு அளக்கும் டி.டி.எஸ். பேனாவை வைத்தேன்: 940. வாளியின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதே, அதேதான் மெஷினின் பாய்லருக்குள்ளும் படியும். ஆர்.ஓ. தண்ணீர்: 28. அதுவும் ஆகாது. அவ்வளவு சுத்தமாக இருந்தால் பாய்லருக்குள் இருக்கும் சென்சாருக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாதாம். கொஞ்சம் உப்பு வேண்டும். நூறு, நூற்றிருபது.

ஆக, மேடைக்கு அடியில் தனியாக ஒரு டேங்க். அதிலிருந்து பம்ப்.

வேண்டியவை:
20 லிட்டர் கேன், மூடியோடு
ஆர்.ஓ. மெஷினில் வரும் சின்ன பம்ப்
கால் இஞ்ச் டியூப் 3 மீ.
கார்பன் ஃபில்டர்
எல்போ 2 (டியூப் வளைவுக்கு), டெஃப்லான் டேப்
ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் தீர்ந்தால் பம்ப் நிற்க)

கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஷிப்ட் ரிப்போர்ட் மாதிரி.

தேவி கேட்டாள், முனிராஜை ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்களா என்று. தெரியாது என்றேன். தெரியும். நேற்றே விட்டுவிட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

நேற்று எதுவும் எழுதவில்லை. எதுவும் நடக்கவில்லை.

பாகலூர் ரோடு கடை. கடைக்காரர் ஃபோனில் பேசிக்கொண்டே, "எஷ்டு மீட்டர் பேக்கு சார்?" டியூப் மூன்று மீட்டர் என்றேன். வெட்டிக் கொடுத்தது மூன்றரை இருக்கும். எல்லாம் கிடைத்தது.

பக்கத்து டீக்கடையில் எங்கள் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். புதுப் பையன்கள், என்னைத் தெரியாது.

"கை போச்சே அந்த ஆளு, ஃபோன் பாத்துக்கினே ஓட்டினானாம்."

"சென்சார் ஒயரை அவனே ஜாயின்ட் பண்ணிட்டானாம்பா. கொழுப்பு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். பை வண்டியில் ஆடிக்கொண்டே வந்தது.

ஜூன் 13, வெள்ளி

வெயில். டேங்கைக் கழுவும் வேலை. புது பிளாஸ்டிக் நாற்றம் போகவில்லை. சோடா உப்புக் கரைசல் ஊற்றி மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம். மறுபடி கழுவல். மறுபடி முகர்ந்து பார்த்தல். மூன்றாவது முறையும் நாற்றமா, ஞாபகமா, சொல்ல முடியவில்லை.

ஆர்.ஓ.வின் பக்கவாட்டில் சின்ன திருகு. கால் சுற்றுத் திருப்பினால் 60. இன்னும் கொஞ்சம், 95. மயிரிழை திருப்பினேன், 112. விட்டுவிட்டேன்.

மேடைப் பலகையில் துளை போட்டு டியூபை ஏற்றியாயிற்று. எல்போவில் கசிவு. அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். ஈரம். பிரித்து டேப் சுற்றி மறுபடி. ஈரம்.

எச்.ஆர். ஃபோன். "புதன்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க சார். முனிராஜ் ஸ்டேட்மென்ட் வந்தாச்சு. உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல."

ஒன்றும் பிரச்சினை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

முனிராஜ் வீடு. சூளகிரி வழியாக வண்டியில். வேப்பனப்பள்ளி தாண்டி மூன்று கிலோமீட்டர். வழியெல்லாம் மாங்காய் லாரிகள். தேவி வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழப் பார்த்தான். கை பெரிய வெள்ளைக் கட்டு, தலையணை மேல். அவன் மனைவி ரத்னா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வலி இருக்குதா?"

"இல்லாத விரல்தான் சார் வலிக்குது. டாக்டர் அப்படித்தான் இருக்கும்ங்கறாரு."

பிறகு அவனே ஆரம்பித்தான். "எழுதிக் குடுத்துட்டேன் சார். நானே ஒயர் ஜாயின்ட் பண்ணேன், யாருக்கும் தெரியாதுன்னு. அப்படி எழுதிக் குடுத்தா வேலை போகாதுன்னாங்க. இன்ஸ்பெக்‌ஷன் வேலையில போடறாங்களாம். உங்களுக்கு ஒண்ணும் வராது சார்."

"கையெழுத்து எப்படிப் போட்ட?"

"எடது கை ரேகை."

ஐ.டி.ஐ. படித்தவன். எங்கள் லைனில் அவன் கையெழுத்துதான் அழகு.

அவன் அப்பா வாசலில் மாங்காய்க் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, ஆனால் என்னிடம் இல்லாமல், சொன்னார். "வீனிக்கி புத்தி லேது." இவனுக்குப் புத்தியில்லை. பிறகு நிறைய. ஃபோனைப் பார்த்துக்கொண்டு கையை விட்டானாம், குடும்பத்தை நினைக்கவில்லையாம். நான் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம். தெலுங்கு முழுக்கப் புரியும். முனிராஜ் தலையைக் குனிந்திருந்தான். நானும்.

ரத்னா கொடுத்த மோரைக் குடித்தேன். கிளம்பினேன்.

வந்ததும் எல்போவை மாற்றினேன். கசிவு நின்றது.

ஜூன் 16, திங்கள்

தூறல் மறுபடி. தேவி குடை மறந்துவிட்டுப் போனாள்.

எல்லாம் மாட்டியாயிற்று. டேங்கில் தண்ணீர், லைனில் ஃபில்டர், மெஷினில் டியூப். சுவிட்சைப் போட்டேன். பம்ப் ஓடவில்லை. பிளக்கைப் பார்த்தேன், சரி. பம்ப்புக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் ஓடுகிறது. ஃப்ளோட் சுவிட்ச்தான் தண்ணீர் இல்லை என்று தடுக்கிறது. டேங்க் நிறைய தண்ணீர்.

சுலபமான வழி ஒன்று. ஃப்ளோட்டின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் ஓடும். முனைகளைச் சீவிவிட்டேன். இரண்டு செம்பு நுனிகள், இரண்டு விரல்களில்.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு குக்கர் இரண்டு தடவை விசில் அடித்தது.

அன்று மூன்றாம் நம்பர் பிரஸ் நின்று நின்று ஓடியது. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளி சென்சார், கை போகாமலே நிறுத்திக்கொண்டிருந்தது. முனிராஜ் வந்து சொன்னான். மெயின்டனன்ஸ் ஆள் வேறு லைனில். நான் சொன்னது:

"ஒயரை ஜாயின்ட் பண்ணி ஓட்டு. ஷிப்ட் முடியட்டும்."

ஆறு வார்த்தை. பக்கத்தில் யாரும் இல்லை. இரைச்சலில் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் எச்.ஆர். என்னைக் கேட்டார், ஒயர் ஜாயின்ட் ஆனது தெரியுமா என்று. தெரியாது என்றேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரி இல்லை.

ஃப்ளோட்டைக் கழற்றிப் பார்த்தேன். தலைகீழாக மாட்டியிருந்தேன். திருப்பி மாட்டினேன். பம்ப் ஓடியது. ஐந்து நிமிட வேலை.

அன்றும் அவ்வளவுதான் இருந்திருக்கும். சென்சார் கண்ணாடியில் எண்ணெய் படிந்திருக்கும். துணியால் துடைத்திருந்தால் போதும். நான் போய்ப் பார்க்கவே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

முதல் காபி. பம்ப் முனகியது, அழுத்தம் ஏறியதும் தானே நின்றது. மெஷின் சூடேற இருபது நிமிடம். மெலிதான தாரை, மேலே பழுப்பு நுரை. மச்சான் சொல்வானே, அப்படியே. குடித்தேன். சூடு. கசப்பு. அவ்வளவுதான்.

தேவி வந்ததும் அவளுக்கும் ஒன்று. பால் சேர்த்து. "நல்லாத்தான் இருக்கு. தண்ணி வாசனையே இல்ல," என்றாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அப்போது சொன்னேன். ஒயர், ஆறு வார்த்தை, வராந்தா, ரேகை. எல்லாம்.

பேனாவை மூடினாள்.

"அவங்க மறுபடி உங்களைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காததுக்கு நாளைக்குப் பதில் சொல்லப் போறீங்க."

"ஆமா."

தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். "ரெண்டு வாரமா எங்கூடத்தான சாப்பிட்டீங்க, எங்கூடத்தான படுத்தீங்க," என்றாள். அழவில்லை. திட்டவும் இல்லை. எழுந்து போய் கப்பைக் கழுவினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும்: "நாளைக்குக் கம்பெனிச் சட்டை போட்டுக்கிட்டுப் போகாதீங்க."

ஜூன் 18, புதன்

நீலக் கட்டம் போட்ட சட்டை. சிப்காட் கேட்டில் செக்யூரிட்டி விசிட்டர் பாஸ் எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முனிராஜின் ஸ்டேட்மென்டைப் படித்தார்கள். "இதுல நீங்க ஏதாவது சேக்கணுமா?" கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த தாளைப் புரட்டினார்.

"சேக்கணும். ஜாயின்ட் பண்ணச் சொன்னது நான்."

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. எச்.ஆர். சிரித்த மாதிரி இருந்தது. "சார், கொஞ்சம் வெளியே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன். நிதானமாப் பேசலாம்."

"டீ வேண்டாம். பேப்பர் குடுங்க."

ஒரு பக்கம் எழுதினேன். வராந்தாவில் பொய் சொன்னதையும் எழுதினேன். பயமும் இல்லை, நிம்மதியும் இல்லை. வெளியே வந்தபோது பசித்தது. ராயக்கோட்டை ரோட்டில் இரண்டு பரோட்டா.

ஜூன் 20, வெள்ளி

கடிதம் வந்தது. ராஜினாமாவா, டிஸ்மிசலா, நானே தேர்ந்தெடுக்கலாம். ராஜினாமா எழுதினேன். தேவி படித்துப் பார்த்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

முனிராஜின் ஸ்டேட்மென்டை ரத்து செய்துவிட்டார்கள் என்று லைனிலிருந்து ஒருவர் ஃபோன் செய்து சொன்னார். அவன் வேலைக்கு ஒன்றும் இல்லையாம். இன்ஸ்பெக்‌ஷன்தான், எழுத்தில் கொடுத்துவிட்டார்களாம். எல்லா பிரஸ்ஸிலும் சென்சார் செக்கிங் நடக்கிறதாம்.

டேங்கில் தண்ணீர் பாதி. டி.டி.எஸ். 114.

ஜூன் 21, சனி

தேவிக்கு இன்று பள்ளிக்கூடம் உண்டு. வெயில். டேங்கைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு முனிராஜ் ஃபோன்.

"லெட்டர் வந்துச்சு சார்."

"கேள்விப்பட்டேன்."

"அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எந்திரிச்சு தோப்புக்குப் போயிட்டாரு."

சரி என்றேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அன்னைக்கு எங்க வூட்டுக்கு வந்தீங்களே. எங்கப்பா என்னைத் திட்டினாரு. உங்களுக்குத் தெலுங்கு தெரியும் சார். குனிஞ்சு உக்காந்து கேட்டுக்கினு இருந்தீங்க. ஊரே என்னைப் பேசிச்சு. ரத்னா கூட ஒரு நாள் கேட்டுட்டா, ஃபோன் பாத்தியான்னு." மூச்சு வாங்கினான். குரல் உயரவில்லை. "பதிமூணு நாளு சார். பதிமூணு நாளா வூட்ல என்னா பண்ணீங்க?"

யோசித்துப் பார்த்தேன்.

"காபி மெஷினுக்குத் தண்ணி லைன் போட்டேன்," என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு லாரி போகிற ஓசை மட்டும். அவன் கட் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.