மணி அடிக்காத வாரங்கள்

நீ கூடுதல் இறப்பில் சேர்ந்தவளா, எதிர்பார்த்த இறப்பில் சேர்ந்தவளா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. புள்ளியியல் படித்து, அதையே கல்லூரியில் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், இருந்தும் இல்லை. நாளைக்குள் பதில் வேண்டும் என்று ஒருவர் காத்திருக்கிறார். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் கையாவது ஓரிடத்தில் நிற்கும்.

இன்று கல்லூரியிலிருந்து திரும்பும்போது ராயபுரத்தில் ரயில் நின்றுவிட்டது. சிக்னல் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் வியர்வையும் மீன் கூடை வாடையும். அப்போது உங்கள் மாதா கோயில் மணி கேட்டது. பூசைக்கு அடிக்கும் மணி அல்ல. ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. உங்கள் தெருவில் யாரோ இறந்திருக்கிறார்கள். எதிரில் இருந்த பெண் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சிலுவை போட்டுக்கொண்டாள். நீயும் அப்படித்தான். மீன் அரிந்துகொண்டிருந்தாலும் ஈரக் கையோடு நெற்றியைத் தொட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, "யாரு மே? எந்த வூட்டுல?" என்று கத்துவாய். பெயர் தெரியும்வரை உனக்கு வேலை ஓடாது.

கல்யாணத்துக்கு முன்பு நீ எண்ணூரில் ஏறுவாய், நான் விம்கோ நகரில். கல்லூரிக்குப் போன அந்த வருஷங்களில் எனக்காக இடம் பிடித்து, டிபன் பையை வைத்துக்கொண்டு ஊரோடு சண்டை போடுவாய். "ஆள் வருது, ஆள் வருது" என்று நீ சொல்லும் தோரணையில் யாரோ பெரிய அதிகாரி வருவதாக நினைத்து எழுந்து நிற்பார்கள். ஏறுவது ஒல்லியாக, வாய் திறக்காத நான். உன் தாவணி மடிப்பில் எப்போதும் மெல்லிய சாம்பல் இருக்கும். அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. "எங்க வூட்டுல துணி காயப்போட்டா சாம்பலுக்கு ஒரு பக்கம், துணிக்கு ஒரு பக்கம்" என்று சிரிப்பாய். சிரிப்பின் கடைசியில் ஓர் இருமல் வரும். அந்த இருமலை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை, நீயும்தான். கல்யாணமாகி ராயபுரம் வந்த பிறகு கைப்பையில் மூச்சுக்கு இழுக்கும் மருந்தும் சேர்ந்துகொண்டது.

முதல் ஊரடங்கில் தினமும் போனில் பேசினோம். நான் ஏதோ படித்துவிட்டு உனக்கு விளக்கினேன். கொள்ளை நோயில் எத்தனை பேர் போனார்கள் என்று நோயாளிகளை மட்டும் எண்ணினால் போதாது. சாதாரண வருஷங்களில் ஓர் ஊரில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. அதற்கு மேலே போனதுதான் கூடுதல். அதை வைத்தால்தான் ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட முடியும் என்றேன். நீ குறுக்கே வந்தாய்.

"எதிர்பாக்குறாங்களா? சாவயா?"

"சராசரிதான்டி."

"கொழந்தைய எதிர்பாப்பாங்க, போனஸ எதிர்பாப்பாங்க. உன் படிப்புல சாவ எதிர்பாத்துகினு ஒக்காந்துக்கீறாங்க. நல்ல படிப்பு மே இது!"

அன்று நானும் சிரித்தேன்.

இப்போது முதுகலை மாணவர்களுக்காக அதே ஒப்பீட்டைத்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மேசையில் நாடுகளின் அட்டவணை. ஒரு வாரமாக வரிசையை மாற்றுகிறேன், நீக்குகிறேன், திரும்பச் சேர்க்கிறேன். எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறேன், லாரிப் புழுதி வருகிறது, மூடுகிறேன். எந்த வரிசையும் எனக்கு நிற்கவில்லை. சில நாடுகளில் முதியவர்கள் அதிகம், அவர்களுக்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். சில இடங்களில் ஊரடங்கால் சாலை விபத்து குறைந்து, ஒரு பக்கம் பிழைத்தவர்கள் மறுபக்கம் இறந்தவர்களை மறைக்கிறார்கள். சில நாடுகளில் எதிர்பார்ப்பே உயரம். எப்போதும் நிறையப் பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், நோய் வந்த வருஷத்தின் சதவீதம் அவ்வளவாகக் கூடுவதில்லை. காகிதத்தில் பார்த்தால் அந்த நாடு தப்பித்ததுபோல இருக்கும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உன் தாவணி நினைவுக்கு வருகிறது. எண்ணூரை ஒரு நாடாக அட்டவணையில் போட்டால் எந்த வரிசையில் வரும்?

இன்னும் சில நாடுகள் உண்டு. இறப்பு எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் அங்கே யாரும் எண்ணவேயில்லை.

அதுதான் உன் மணி.

இரண்டாவது அலையில் உங்கள் கோயில் மணி ஓயவில்லை. "காலைலேந்து இதே பேஜாரு. பேரு கேக்கவே பயமா கீது" என்றாய். வீட்டைவிட்டு நீ வெளியே வரவில்லை, பால் பாக்கெட்டைக்கூடக் கயிற்றில் கூடை கட்டி மேலே இழுத்தாய். அப்புறம் மணி நின்றது. சில நாள் கழித்து நீயே கூப்பிட்டாய், குரலில் பழைய துள்ளல்.

"அடங்கிடுச்சுடி. மணியே இல்ல. அக்காவப் போய் பாத்துட்டு வந்துர்றேன், பாவம் தனியா கீது."

போனாய். வந்தாய். காய்ச்சல் வந்தது. பரிசோதனைக்கு ஆள் வருவதற்குள் மூச்சு திணறி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாய். சான்றிதழில் மூச்சுத்திணறல் என்று இருக்கிறது. பொய்யில்லை. நோயா, சாம்பலா, இரண்டுமா என்று அதில் இல்லை.

உனக்காகவும் மணி அடிக்கவில்லை. அது ஏன் என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. உன் வீட்டுக்காரர் விம்கோ நகருக்கு வந்திருந்தார். எப்போதும்போல என்னை டீச்சர் என்றார். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் டீச்சர். அந்த மணி தானா நிக்கல. ஓயாம அடிக்கிறதக் கேட்டே வயசானவங்க ஒடிஞ்சி போறாங்கன்னு தெருக்காரங்க கூடிப் பேசனோம். பங்குச் சாமியார்கிட்ட போயி நிறுத்தச் சொன்னோம். மொத ஆளா பேசனது நான்தான்."

"அவளுக்குத் தெரியாதா?"

"சொல்லல. மணி நின்னப்புறம் அது மொகமே மாறிப்போச்சி டீச்சர். ஒரு வாய் சோறு ஒழுங்கா துன்னுச்சி. எப்டி சொல்வேன்?"

மேசையில் இருந்த என் அட்டவணைப் பக்கம் திரும்பினார்.

"நீங்க இந்தச் சாவுக் கணக்குதான் போட்டுகினு கீறீங்களாமே. உங்க கணக்குல பாத்து சொல்லுங்க. அதுக்கு நெஞ்சு ஏற்கனவே வீக்கு. எப்டி இருந்தாலும் அந்த வருஷம் போயிருக்குமா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. இல்லன்னா அதையும் சொல்லுங்க. கல்லறைத் திருநாளுக்கு வருவீங்க இல்ல, அன்னிக்கு சொல்லுங்க போதும்."

கல்லறைத் திருநாள் நாளை.

ஒரு வாரமாக என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. "ஆமாம், எப்படியும் போயிருப்பாள்" என்று சொல்லிவிடலாம். நான் சொன்னால் நம்புவார், என் படிப்புக்கு அந்த மரியாதை இருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால், உன் நெஞ்சில் சாம்பலைப் போட்டவர்களின் பக்கம் நான் போய் நிற்கிறேன். உன் சாவு எதிர்பார்த்த சாவு என்று ஒப்புக்கொள்கிறேன். "இல்லை" என்றால் அந்த மனிதர் மீதி நாளைக்கும் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது. இந்தக் கணக்கு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும். கூட்டத்துக்குள் கைவிட்டு ஒருத்தியை எடுத்து, இவள் கூடுதல், இவள் இல்லை என்று காட்டாது. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் இதைச் சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். கல்லறையில் நின்று ஒருவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஜன்னல் சத்தம்தான். அட்டவணையில் சின்ன எண் எதைப் பார்த்தாலும் அது காதில் விழுகிறது. "யாரு மே? எந்த வூட்டுல?" இங்கே சாவு குறைந்ததா, மணியை நிறுத்தினார்களா என்று கேட்காமல் இப்போது என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. உதவியா தொல்லையா தெரியவில்லை. நாளைக்கு என்ன சொல்வேன் என்றும் இன்னும் தெரியவில்லை.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மழை மேகம் இருந்தது, மழை இல்லை. கடல் காற்று. உன் கல்லறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டிருந்தார். சாமியார் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஒரு குடும்பம் எந்த மாலை யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றியதும் அணைந்தது.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றார் நிமிராமல்.

"பார்த்தேன் அண்ணே. தெரியல. அவ பொழைச்சிருப்பாளா, போயிருப்பாளான்னு என் கணக்கு சொல்லாது. எந்தக் கணக்கும் சொல்லாது."

இன்னொரு தீக்குச்சியைக் கிழித்தார், அதுவும் அணைந்தது.

"இத்தினி வருஷம் கழிச்சி, இவ்ளோ படிச்ச உங்களுக்கே தெரியல."

"தெரியல."

"அப்போ அன்னிக்கு எனக்கு எப்டி தெரியும்?"

என்னைக் கேட்டாரா, உன்னைக் கேட்டாரா என்று புரியவில்லை. சாமியார் வந்தார், தண்ணீர் தெளித்தார், அடுத்த கல்லறைக்குப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் திரும்பினேன்.

"நவுராதீங்க டீச்சர். நீங்க நிக்கறதால காத்து மறையுது" என்றார்.

நின்றேன். இந்தத் தடவை திரி பிடித்துக்கொண்டது.