உடைவது இங்கேயே உடையட்டும்

அக்கா,

நாளை பாண்டிச்சேரி போகப் பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால், நீங்கள் என்னிடம் கொடுத்து வைத்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா கையில் தட்டுப்பட்டது. உள்ளே காதை அடைத்துக்கொள்ளும் ஆரஞ்சு நிறப் பஞ்சு இரண்டு. விரலால் அமுக்கினால் இன்னமும் மெல்ல மெல்ல உப்பி எழுகின்றன.

வெளிநாட்டில் ரேஸ் கார்களுக்கு இன்ஜின் செய்யும் கம்பெனியில் உங்கள் மகன் அருள் வேலைக்குச் சேர்ந்தபோது, நம் பிளாக்கில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். ஒரு முறை ஊருக்கு வந்தவன் இந்த டப்பாவை உங்கள் கையில் கொடுத்தான். இனி வரப்போகும் இன்ஜின் முன்பு போலக் கத்தாது, மிச்சமிருப்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

அந்த வருடம் பந்தய விதியே மாறியிருந்தது. இன்ஜினைச் சிறிதாக்கி, பேட்டரியைச் சேர்த்து, ஒரு பந்தயம் முழுவதற்கும் இவ்வளவுதான் பெட்ரோல் என்று அளந்துவிட்டார்கள். ஒரு கேஸ் சிலிண்டரை எத்தனை நாளுக்கு இழுப்பது என்று பார்க்கிற நமக்கு அது உடனே புரிந்தது. பந்தயங்கள் தொடங்கும் முன் ஸ்பெயினில் சில நாட்கள் எல்லா வண்டிகளையும் ஓட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் கீழ்வீட்டிலிருந்து ஏறி வருவீர்கள். தட்டுத்தடுமாறி நானே கற்றுக்கொண்ட இங்கிலீஷில் செய்தியைப் படித்துச் சொல்வேன். முதலில் வேகமான வண்டிதான் ஜெயித்தது என்று நினைத்தோம். யார் எவ்வளவு பெட்ரோலைச் சுமந்து ஓடுகிறார்கள் என்று வெளியே தெரியாது, வேகத்தைப் பார்க்காதீர்கள், நிற்காமல் எத்தனை சுற்று ஓடியது என்று பாருங்கள் என்று போனில் சொன்னான் அருள். அன்றிலிருந்து பால் கணக்குக்குக் கீழே சுற்றுக் கணக்கும் எழுதினேன்.

எழுதத்தான் அதிகம் இல்லை. அருளின் இன்ஜின் போட்ட வண்டி வெளியே வரும், புகையும், நிற்கும்.

“இன்னாம்மா இது, நேத்தும் நின்னுச்சு, இன்னிக்கும் நின்னுகினு கெடக்குது” என்று கண் கலங்கினீர்கள். நீங்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு மாதாவுக்கு ஒருசந்தி இருந்தீர்கள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அந்த நாட்களில் உங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே இன்னொரு சீட்டும் இருந்தது. அடிவயிற்றில் கட்டி போல் தெரிகிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. பொங்கல் கழியட்டும் என்றீர்கள். பிறகு அருளின் வண்டி ஓடட்டும் என்றீர்கள். நான் ஒவ்வொரு முறை கேட்டபோதும் பேச்சை மாற்றினீர்கள். எதைப் பார்த்துப் பயந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் வண்டி சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது. நீங்கள் பாயசமே வைத்துவிட்டீர்கள். இரவு அருள் கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில் போட்டு, நாம் இருவரும் வேண்டிக்கொண்ட கதையைச் சொன்னீர்கள். அவன் சிரித்தான்.

“ஓடுனது சந்தோஷம்தாம்மா. ஆனா, நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்காதீங்க. நேத்து உடைஞ்சதாலதான் எந்தப் பாகம்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. உடையறது இங்கயே உடையட்டும். பந்தயத்துல உடைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.”

போனை வைத்ததும் என்னைப் பார்த்தீர்கள். “நல்லா வேண்டச் சொல்றான் பாரு. மாதாகிட்டப் போயி, எம்புள்ள வண்டிய ஒடைச்சுடும்மான்னா கேக்க முடியும்?” இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர், பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, தலை வாரி, வெளியூர்ப் புடவை கட்டி, கையில் அந்தச் சீட்டோடு நின்றீர்கள்.

“பாண்டிக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு? நீயும் வா.”

“வண்டிக்கு வேண்டிக்கிட்டீங்களாக்கா?”

“எனக்குத்தான் வேண்டிக்கிட்டேன். இருக்கறது இப்பவே தெரியட்டும்னு.”

பஸ் குள்ளஞ்சாவடி தாண்டும்வரை உங்கள் கையில் ஜெபமாலை நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேன் அறையில் சத்தம் அதிகமாக இருக்கும் என்று நர்ஸ் பஞ்சு நீட்டினாள். வேண்டாம் என்று முந்தானை முடிச்சிலிருந்து இந்த ஆரஞ்சுப் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போனீர்கள். வெளியே வந்து முதலில் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “பழைய இன்ஜின் போலருக்குதும்மா. இன்னா கத்து கத்துது.”

கட்டி இருந்தது. கெட்ட கட்டிதான். ஆனால் பரவுவதற்கு முன்பே எடுத்தார்கள். அந்த வருடம் அருளின் இன்ஜின் எல்லாப் பந்தயத்தையும் ஜெயிக்கவில்லை, பாதியில் நிற்பது குறைந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படித்தான் வாய்த்தது. அதற்குப் பிறகு நான்கு பிப்ரவரிகள், வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாட்களில், என் வீட்டுக்கு ஏறி வந்தீர்கள். அருள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினீர்கள். ஐந்தாவது பிப்ரவரிக்கு முன் அந்த நோயே திரும்பி வந்து உங்களைக் கொண்டுபோனது. இடையில் கிடைத்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது என் வலது கை அடிக்கடி மரத்துப்போகிறது, அக்கா. எழுத்து கோணுகிறது. டாக்டர் கழுத்துக்கு ஸ்கேன் எழுதி நாளாகிறது. நானும் வீட்டு வேலை முடியட்டும், விசேஷம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

சற்று முன் விளக்கேற்றியபோது, ஒன்றும் இருக்கக் கூடாது, பிள்ளையாரப்பா என்று வாய் தானாகத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். இருப்பது தெரியட்டும் என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

டப்பாவைப் பையின் மேலாகவே வைத்திருக்கிறேன். உள்ளே ஸ்கேன் மெஷின் கத்தும்போது பழைய இன்ஜின் என்று நினைத்துக்கொள்வேன்.