இரண்டு ஆய்த்து

பிப்ரவரி 3, திங்கள்

காவிரித் தண்ணீர் இன்று ஏழு மணிக்கே வந்துவிட்டது. மூன்று டிரம்மும் நிரப்பியாயிற்று.

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் விஜி செய்து கொடுத்த ஏற்பாடு. முப்பத்தொரு வருஷம் எம்.ஜி. ரோட்டில் ஓர் ஆபீஸில் லிஃப்ட் ஓட்டியவன் நான். எண் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது இதுவரை போனதில்லை.

சாயங்காலம் மகன் சீனு பேசினான். அந்தமான் பக்கம் ஏதோ குட்டித் தீவு. கடலாமைகள் முட்டையிட்டுப் போன தடங்களை ட்ரோனில் படம் எடுத்து எண்ணும் வேலை. அன்னா மேடம் என்ற ஆராய்ச்சிக்காரர் கூட்டிப்போயிருக்கிறார். கல்யாண வீட்டில் ட்ரோன் விட்டுக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய வேலை. பறவைக் கூடு இருக்கிற பாறைப் பக்கம் போகக் கூடாது, ஆமை கரையில் இருக்கும்போது கிட்டே போகக் கூடாது, ட்ரோனைக் கண்ணை விட்டு மறைய விடக் கூடாது என்று அவனுக்கு ஆயிரம் சட்டம்.

காட்டிலாகா கடிதம் கையில் இருக்கிறது. பறக்கவிட இன்னொரு கடிதம் வர வேண்டும். அது வராமல் ஓரடி கூட மேலே ஏற்றக் கூடாதாம். அதற்காக இங்கே அலைகிறவர் சீனு கம்பெனி முனிராஜ். அங்கே நெட் கிடையாது. சாயங்காலம் படகுத்துறையில் நின்றால் போன் மட்டும் பேசலாம், அந்நேரம் முனிராஜ் எடுக்க மாட்டார். விஜி வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே முனிராஜ் எனக்குச் சொல்ல, நான் சீனுவுக்குச் சொல்ல வேண்டும்.

"வியாழக்கிழமை அந்தாண்டக் கரைக்குப் போயிடுவோம்ப்பா. அங்க சிக்னலே இல்ல. சனிக்கிழமை விடிஞ்சதும் பறக்கணும். அதுக்குள்ள சொல்லிடு."

"நான் மறப்பனாடா?"

"நீ மறந்தா பேப்பர்ல போடுவாங்க" என்று சிரித்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முனிராஜ் பேசவில்லை. போன் செத்துவிட்டதோ என்று மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 5, புதன்

நானே கூப்பிட்டேன். கன்னடத்தில்தான் பேச்சு. "சீனு லெட்டர் ஸ்வல்ப பேக மாடி சார்" என்றேன். கொஞ்சம் சீக்கிரம் பண்ணுங்கள் என்று. "ஆய்த்து அண்ணா, ஆய்த்து" என்றார். வைத்துவிட்டார்.

அப்பாடா, ஆகிவிட்டது.

சாயங்காலம் சீனு. ஒரே காற்று இரைச்சல். "ஆச்சுடா! லெட்டர் ஆச்சு!" என்று கத்தினேன்.

"நம்பர் என்னப்பா? தேதி?"

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஆச்சுன்னா ஆச்சு."

"முனிராஜ் என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சோதிக்கிறானா? முனிராஜின் இழுப்பைக்கூட விடாமல் அப்படியே சொன்னேன்.  பிறகு "சரிப்பா" என்றான். இன்னும் ஏதோ சொன்னான், காற்றில் போயிற்று. லைன் அறுந்தது.

என் ஞாபகத்தை நம்பாமல் நம்பர் கேட்கிறான். சாப்பிட்டு முடித்தும் கோபம் இறங்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று அந்தக் கரைக்குப் போயிருப்பான். கோபம் போய்விட்டது. வெயிலுக்குத் தொப்பி எடுத்துப் போனானோ என்னவோ.

பிப்ரவரி 7, வெள்ளி

பதினொன்றரைக்கு முனிராஜ். "லெட்டர் இன்னூ ஆகில்லா அண்ணா." இன்னும் ஆகவில்லையாம். கையெழுத்துப் போடுகிறவர் லீவாம். பறக்கவிட வேண்டாம் என்று சீனுவிடம் சொல்ல வேண்டுமாம்.

"முந்தாநாள் ஆய்த்துன்னீங்களே!" என்றேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

"சரின்னு சொன்னேன் அண்ணா" என்றார், அவரும் தமிழில்.

எத்தனை வருஷமாகக் கேட்கிற வார்த்தை! முடிந்துவிட்டது என்றாலும் ஆய்த்து. சரி, பார்க்கலாம் என்றாலும் ஆய்த்து. லிஃப்டுக்குள் ஒரு ஃபேன் போடச் சொல்லி ஒன்பது வருஷம் கேட்டேன். ஒன்பது வருஷமும் ஆய்த்து, ஆய்த்து என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசிவரை விசிறிக்கொண்டுதான் ஓட்டினேன். தெரியாதவனா நான்? பிள்ளை காத்திருக்கிறான் என்றதும் காது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது.

ஐயோ, விடிஞ்சா ஏத்திடுவானே. நான்தானே சொன்னேன். கத்தி வேற சொன்னேன்.

ஏற்கெனவே ஒருமுறை ஆகியிருக்கிறது. அல்சூரில் ஒரு கல்யாணம். ட்ரோன் பட்டாளத்து மதிலுக்குமேல் போய்விட்டது. பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகுதான் முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினான். மறுபடி மாட்டினால்? லைசென்ஸ் போகும். ட்ரோன் போகும். கேஸ் வரும். அந்தத் தண்ணீர்க்காட்டில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

கிளம்புகிற அன்று சாப்பிட்டுக்கொண்டே, படகு ஓட்டும் க்ளென் நம்பரை விஜியிடம் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். பத்து எண்ணும் எனக்கு இருந்தது. அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. மறுபடி.

விஜி வந்ததும் சொன்னேன். "மாமா..." என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளும் அந்த நம்பரை அடிக்க ஆரம்பித்தாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 8, சனி

அங்கே நமக்கு முன்னாலேயே விடிந்துவிடும். இங்கே பால் வருவதற்குள் அங்கே வெளிச்சம். உட்கார்ந்தே இருந்தேன்.

எட்டரைக்கு க்ளென் எடுத்தான். எனக்குத் தெரிந்தது நம்ம ஊர் உருது. "சீனு கோ போலோ, உடானா நக்கோ!" சீனுவிடம் சொல், பறக்கவிட வேண்டாம் என்று.

"நக்கோ? கௌன் நக்கோ?" யார் அந்த நக்கோ என்று கேட்கிறான்.

"நக்கோ, நக்கோ! வேணாம்ப்பா, வேணாம்!"

விஜி போனை வாங்கி நல்ல இந்தியில் சொன்னாள். காற்றுக்குப் படகு எடுக்க முடியாதாம். திங்கட்கிழமை அவர்களைக் கூட்டிவரப் போகும்போது சொல்கிறேன் என்றானாம். திங்கட்கிழமை சொல்லி என்ன?

விஜி வேலைக்குப் போகவில்லை. நான் ஆக்கிய சாதத்தை இரண்டு பேரும் தொடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எதிர்வீட்டுச் சந்திரம்மா, "சீனு எப்ப வரான்?" என்று கேட்டாள். எப்படி வருவான் என்பதே தெரியவில்லை. தெரியாது என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

விஜி இன்றும் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாற்பதுக்கு மணி அடித்தது. சீனு.

"என்னப்பா, இந்த க்ளென் படகை விட்டு எறங்காமயே நக்கோ நக்கோன்னு கத்தறான்? யார் சொல்லிக் கொடுத்தது?"

"பறக்க விட்டியாடா?"

"பொட்டியே தொறக்கல. நடந்தே எண்ணினோம். நாப்பத்தொரு தடம். காலு ரெண்டும் கழண்டுபோச்சு."

"நான் ஆச்சுன்னு சொன்னேனே..."

"நீ சொன்னது ஆச்சு. அவரு சொன்னது ஆய்த்து. அதுவும் ரெண்டு தடவ. ஒரு தடவ சொன்னா முடிஞ்சிருக்கலாம். ரெண்டு தடவ சொன்னா பேப்பர் மேசைய விட்டே எழுந்திரிக்கலன்னு அர்த்தம். உன் லிஃப்ட் ஃபேன் கதைய எத்தன தடவ கேட்டிருப்பேன்?"

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னேன்ப்பா. காத்துல போச்சு. நீ வார்த்தை மாறாம சொல்லுவ, அதான் அப்படியே சொல்லுன்னு கேட்டேன். அர்த்தம் நான் பாத்துக்கிட்டேன்."

 விஜி போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். முதலில் திட்டு கேட்டது. அப்புறம் அழுகை. அப்புறம் சிரிப்பு. நான் மத்தியானச் சாதத்தைச் சூடு பண்ணினேன்.

பிப்ரவரி 12, புதன்

முனிராஜ் கூப்பிட்டார். "அண்ணா, ஆய்த்து."

காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை.

"நம்பர் சொல்லுங்க சார். தேதியும்" என்றேன். சிரித்துக்கொண்டே படித்தார். சாயங்காலம் சீனுவிடம் ஓர் எண் பிசகாமல் சொன்னேன்.

"அதேதான் இருக்கும்ப்பா. ஆனா நாளைக்குப் படகுல லெட்டர் பிரிண்ட் வருது. கண்ணால பாத்துட்டு ஏத்தறேன், கோச்சுக்காத."

"பாத்துட்டே ஏத்துடா" என்றேன்.